அஞ்சு வகுப்பு, ரெண்டு டீச்சர்: ஈராசிரியர் பள்ளியில ஒரு நாளை ஓட்டுறது எப்படி

முதல் போஸ்டிங்கே ஈராசிரியர் பள்ளின்னு ஆர்டர் வாங்கிட்டு முழிச்சுட்டு நிக்கிறவங்களுக்குத்தான் இது. எங்க ஸ்கூல்ல ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் மொத்தமே 22 பிள்ளைங்க, ரெண்டு ரூம், எச்.எம்.மும் நானும். எச்.எம். மீட்டிங் போயிட்டா அஞ்சு வகுப்பும் என் தலைல.

நான் பண்ண முதல் தப்பு, 45 நிமிஷ பீரியடை அஞ்சா பிரிச்சு ஆளுக்கு 9 நிமிஷம்னு ஓடுனது. ரெண்டாவதுக்கு சொல்லிக்குடுத்துட்டு திரும்புறதுக்குள்ள நாலாவதுல ஸ்கேல் சண்டை, ஒண்ணாவதுல ஒருத்தன் ரூம்லயே இல்ல. ஒரு வாரத்துல தொண்டை போயிடுச்சு. அதனால வகுப்பு வாரியா பிரிக்கவே பிரிக்காதீங்க, யாருக்கு என்ன தெரியும்னு பாத்து உக்கார வைங்க. 2022 ஜூன்ல தமிழ்நாட்டு அரசோட எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தப்ப (முதல்ல 1 முதல் 3 வரைக்கும், அடுத்த வருஷம் 4, 5க்கும்) பிள்ளைக்கு என்ன தெரியும்னு பாத்து அரும்பு (ஆரம்ப நிலை), மொட்டு (நடு நிலை), மலர் (மேல் நிலை)னு பிரிச்சாங்கல்ல, எங்களமாதிரி சின்ன ஸ்கூலுக்கு அது நல்லா பொருந்துது. ஒண்ணே ஒண்ணு, தமிழ்ல அரும்பா இருக்குற பிள்ளை கணக்குல மலரா இருக்கும், பாடத்துக்குப் பாடம் இடம் மாத்தி உக்கார வைங்க. அந்தப் பேரை பிள்ளைங்க முன்னாடி சொல்லிக் கூப்பிடவும் வேணாம். எங்க ஸ்கூல்ல "போடா அரும்பு"ன்னு திட்டுற அளவுக்குப் போயிடுச்சு, அப்புறம் பச்சைப் பாய், நீலப் பாய்னு மாத்துனேன்.

இப்ப முக்கியமான விஷயம். நீங்க யார்கூட உக்காரப் போறீங்களோ அவங்களுக்கு பாடம் ரெடி பண்றத விட, நீங்க இல்லாத பாய்ல என்ன நடக்கப் போகுதுன்னுதான் முதல்ல யோசிக்கணும். காலையில எல்லாரும் சேந்து ஒரு பாட்டு, ஒரு கதை, பத்து நிமிஷம். உடனே பெரியவங்களுக்கு வேலையைக் குடுத்துட்டு அப்புறம் சின்னவங்ககிட்ட போங்க, மாத்திப் பண்ணா முடிஞ்சுது. அந்த வேலை அவங்களே செஞ்சு அவங்களே சரி பாக்குறமாதிரி இருக்கணும். இதெல்லாம் புதுசு இல்ல. ஆந்திராவுல இருக்குற ரிஷி வேலி பள்ளிக்காரங்க பண்ணதப் பாத்து 2003ல சென்னை மாநகராட்சியில 13 ஸ்கூல்ல செயல்வழிக் கற்றல் (பிள்ளைங்களே அட்டை வெச்சு செஞ்சு கத்துக்குறது) ஆரம்பிச்சாங்க, அப்புறம் மாநிலம் பூரா வந்துச்சு, எதுக்கு அப்புறம் எதுன்னு காட்டுற ஏணிப்படி, அட்டை, செவுத்துல தாழ்வா கரும்பலகை எல்லாம் அதுலதான் வந்தது. உங்க ஸ்கூல் பீரோவுல அந்தப் பழைய அட்டை இருந்தா தூசி தட்டி எடுங்க, தாழ்வான போர்டையும் சும்மா விடாதீங்க, ஆளுக்கு ஒரு கட்டம் கோடு போட்டுக் குடுத்துடுங்க, நீங்க தூரத்துல உக்காந்துட்டே யார் எங்க நிக்கிறாங்கன்னு பாக்கலாம்.

பெரிய பிள்ளை சின்னதுக்கு சொல்லிக்குடுக்குறது பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும். ஒரு நாள் அஞ்சாவது படிக்கிற பொண்ணு மூணாவது பையனுக்கு 42ல 17 கழிக்க சொல்லிக்குடுக்குது. "ரெண்டுல ஏழு போகாது, பக்கத்துல கடன் வாங்கு"ங்குது. அவன் கேக்குறான், "அக்கா, எப்ப திருப்பிக் குடுக்கணும்?" அவ வாயடைச்சு என்னப் பாக்குறா. எனக்கும் சிரிப்பு, ஆனா கேள்வி சரிதானே? விளக்குமாத்துக் குச்சிய பத்துப் பத்தா ரப்பர் பேண்ட் போட்டு நாலு கட்டு, தனியா ரெண்டு குச்சி வெச்சோம். ஒரு கட்டைப் பிரிக்கச் சொன்னேன். மூணு கட்டு, பன்னெண்டு குச்சி. "கடன் இல்லடா, சில்லறை மாத்துறோம்"னு அவளே சொன்னா. அன்னைக்கு கழித்தலை நல்லா புரிஞ்சுக்கிட்டது யாருன்னு கேட்டா நான் அந்தப் பொண்ணத்தான் சொல்வேன்.

ஆனா விட்டுட்டா "குட்டி டீச்சர்" கையில குச்சி வந்துடும், நாம பண்றத அப்படியே பண்ணும் (பாக்க வெக்கமா இருக்கும்). சொல்லிக்குடுக்குறவங்க பென்சிலைத் தொடக்கூடாதுன்னு ஒரு ரூல் போடுங்க, இல்லேன்னா விடைய அவங்களே எழுதிக் குடுத்துட்டு ஓடிடுவாங்க. ஒரு நாளைக்கு 15 நிமிஷம் போதும், எப்பவும் ஒரே பிள்ளைய விடாதீங்க. "எம்பொண்ணு படிக்க வருதா, உங்க வேலையப் பாக்க வருதா?"ன்னு ஒரு அம்மா வந்து நின்னாங்க, அவங்க கேட்டது நியாயம்தான். அதுலேர்ந்து மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் நாலு, அஞ்சுக்கு மட்டும்னு வெச்சிருக்கேன். சின்னதுங்க அப்ப களிமண்ணு, புளியங்கொட்டை, பாதி தூக்கம்.

எமிஸ்ல (அரசோட ஆன்லைன் ஸ்கூல் பதிவு) அட்டெண்டன்ஸ் போட்டா லோடாகாம சுத்திக்கிட்டே இருக்கும், போனப் பாத்துட்டு உக்காராதீங்க, பிள்ளைங்க பாடும்போதே முடிச்சுடுங்க.

தனியா மாட்டுற அன்னைக்கு புதுப் பாடம் எடுக்காதீங்க. எல்லாருக்கும் ஒரே பொருள், வேலை மட்டும் வேற வேற. நான் குழாயடி பூசணிக்கொடிய வெச்சு ஓட்டுவேன். ஒண்ணாவது பூவை எண்ணும், ரெண்டாவது இலை, கொடி, தண்டுன்னு எழுதும், மூணாவது நூல் வெச்சு நீளம் அளக்கும், அஞ்சாவது போன வாரத்துக்கு இந்த வாரம் எவ்ளோ வளந்துருக்குன்னு கணக்கு போட்டு கிராஃப் போடும். மூணாவது வாரம் ஆடு வந்து மொத்தமா மேஞ்சுட்டுப் போயிடுச்சு. பெரியவங்க ஊராட்சித் தலைவருக்கு வேலி கேட்டு மனு எழுதுனாங்க, சின்னவங்க அதுல ஆட்டை வரைஞ்சாங்க, இருவத்திரண்டு பேரும் கையெழுத்து. மனு போறதுக்கு முன்னாடியே ஆட்டுக்காரர் முள்ளு வெட்டிட்டு வந்து வேலி கட்டிக் குடுத்துட்டார், அவர் பையன் ரெண்டாவது படிக்கிறான், அவனும்தான் கையெழுத்துப் போட்டிருந்தான்.