கேமரா மெமரி கார்டைப் படிக்கவில்லையா? ஃபார்மேட் கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்

கேமரா எஸ்டி கார்டைப் படிக்க முடியாதபோது, கேனான் என்றால் எரர் 02 வரும், கார்டை அணுக முடியவில்லை, கழற்றி மாட்டு, இல்லை வேறு கார்டு போடு, இல்லை கேமராவிலேயே ஃபார்மேட் செய் என்று ஒரு நீளமான செய்தியோடு. நிக்கானில் சிஎச்ஏ என்ற மூன்றெழுத்து மினுக்கும், ஃபார்மேட் ஆகாத கார்டு என்று அது நினைத்துக்கொண்டால் எஃப்ஓஆர் என்று மினுக்கும். சோனி கார்டை எடுத்துவிட்டு மறுபடி போடச் சொல்லும். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கடைசியில் கை வைக்கச் சொல்வது ஃபார்மேட் மேல்தான். அங்கேதான் பலர் படங்களைப் பறிகொடுக்கிறார்கள்.

கேமராவைச் சொல்லிக் குற்றமில்லை. கார்டு மின்சாரத்துக்கே பதில் சொல்லாமல் கிடக்கிறதா, பதில் சொல்லியும் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் கோப்பு அட்டவணை குழம்பிக் கிடக்கிறதா, அல்லது கார்டு நன்றாகவே இருந்து கேமராதான் அந்தத் தலைமுறைக் கார்டை அறியாததா என்று அது பிரித்துச் சொல்வதில்லை. மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே மாதிரிச் செய்திதான். அந்தப் பிரிப்பை நாம்தான் செய்ய வேண்டும். கார்டைத் தூக்கி எறியவோ ஃபார்மேட் செய்யவோ அதுவரை அவசரமே இல்லை.

முதலில் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: கார்டில் வேண்டிய படம் ஏதாவது இருக்கிறதா? இல்லை என்றால் கீழே எழுதியிருப்பதில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. கேமராவிலேயே ஃபார்மேட் கொடுங்கள், சரியானால் ஆயிற்று. இருக்கிறது என்றால் அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள். கேமராவை அணைத்து, கார்டை வெளியே எடுத்து, பக்கவாட்டில் இருக்கும் லாக் சுவிட்சைக் கீழே தள்ளிப் பூட்டி வையுங்கள். அழிந்ததாகக் காட்டும் படம் பெரும்பாலும் கார்டில் அப்படியே கிடக்கும். அதன் மேல் புதிதாக எதையாவது எழுதினால்தான் நிஜமாகவே போகும்.

அடுத்தது அடையாளம் காண்பது. நன்றாக ஓடுகிற வேறொரு கார்டைக் கேமராவில் போட்டுப் பாருங்கள். பிறகு தகராறு செய்யும் கார்டை வேறொரு கார்டு ரீடரில் போட்டுக் கணினியில் பாருங்கள். மாற்றுக் கார்டையும் கேமரா படிக்கவில்லை என்றால் கோளாறு கேமராவின் ஸ்லாட்டில். மாற்றுக் கார்டு ஓடுகிறது, தகராறு செய்த கார்டும் கணினியில் திறக்கிறது என்றால் இரண்டும் நல்லதுதான், பொருத்தம்தான் இல்லை. கணினியிலும் திறக்காவிட்டால்தான் கார்டைச் சந்தேகிக்க வேண்டும். அதிலும் ரீடர் பழசாக இருந்தால் அதன் பேச்சை நம்பாதீர்கள், 32 ஜிபிக்கு மேல் தெரியாத ரீடர்கள் இன்னும் மேசை இழுப்பறைகளில் நிறையவே கிடக்கின்றன.

இந்தப் பொருத்தம் இல்லாத கேஸ்தான் இப்போது அதிகம் பார்க்கிறேன். அப்பா, அம்மா வாங்கி வைத்த 2005, 2006 காலத்துச் சின்ன டிஜிட்டல் கேமராக்களை அலமாரியிலிருந்து எடுத்து ஓட்டுவது ஃபேஷனாகிவிட்டது. பேட்டரி கிடைத்துவிடுகிறது, சார்ஜரும் எப்படியோ கிடைத்துவிடுகிறது. கடையில் போய் 64 ஜிபி கார்டு ஒன்று வாங்கிப் போடுகிறார்கள், கேமரா முழிக்கிறது. பார்க்க எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம், ஆனால் உள்ளே மூன்று தலைமுறை. வெறும் எஸ்டி என்று போட்டிருப்பது 2 ஜிபி வரை. எஸ்டிஎச்சி 2006இல் வந்தது, 32 ஜிபி வரை, கோப்பு முறை (கோப்புகளை அடுக்கிவைக்கும் விதம்) ஃபேட்32. எஸ்டிஎக்ஸ்சி 2009இல் வந்தது, 2 டெராபைட் வரை, கோப்பு முறை எக்ஸ்ஃபேட். புதிய கேமரா பழைய கார்டைப் படிக்கும், பழைய கேமரா புதிய கார்டைப் படிக்காது.

இதில் முதல் தலைமுறைக்கும் இரண்டாம் தலைமுறைக்கும் நடுவே இருப்பது உடைக்க முடியாத சுவர். பழைய எஸ்டி கார்டில் முகவரியைப் பைட் பைட்டாக எண்ணுவார்கள், எஸ்டிஎச்சியில் 512 பைட் கொண்ட தொகுதிகளாக எண்ணுவார்கள். கேமராவின் மென்பொருளுக்கு அந்த இரண்டாவது கணக்கு தெரியாவிட்டால் நீங்கள் எந்த ஃபார்மேட் கொடுத்தும் பயனில்லை. 8 ஜிபி கார்டை 2 ஜிபி பார்ட்டிஷனாக வெட்டினால் ஓடும் என்று சொல்பவர்கள் உண்டு, ஓடாது. 2005இல் வந்த நிக்கான் டி50 இந்த வகை, அதற்கு 2 ஜிபி கார்டுதான் சாப்பாடு. அதற்கு அடுத்த ஆண்டு வந்த டி40 எஸ்டிஎச்சியையும் படிக்கும். அதனால் பழைய கேமராவோடு கடைக்குப் போகும்போது அதன் கார்டு மூடியையோ கையேட்டையோ பார்த்து, எந்த லோகோ போட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

இரண்டாம் தலைமுறைக்கும் மூன்றாம் தலைமுறைக்கும் நடுவே அவ்வளவு கெடுபிடி இல்லை. எஸ்டிஎச்சி வரை மட்டும் தெரிந்த கேமராவில் 64 ஜிபி கார்டை ஃபேட்32இல் ஃபார்மேட் செய்து போட்டால் சிலவற்றில் ஓடிவிடும், ஏனென்றால் அங்கே முக்கிய வித்தியாசம் கோப்பு முறைதான். ஓடினாலும் முக்கியமான நிகழ்ச்சிக்கு அதை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. 16 ஜிபி கார்டு ஒன்று வாங்குவது அதைவிட நிம்மதி.

இன்னொரு வகை, போனில் கிடந்த மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் சொருகிக் கேமராவில் போடுவது. ஆண்ட்ராய்டு 6இலிருந்து மைக்ரோ எஸ்டியைப் போனின் உள் சேமிப்பாகச் சேர்த்துக்கொள்ளும் வசதி சில போன்களில் உண்டு. அப்படிச் சேர்த்திருந்தால் போன் அந்தக் கார்டை என்கிரிப்ட் செய்துவிடும் (தன்னிடம் உள்ள சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிவிடும்), கேமரா மட்டுமில்லை, கணினியும் அதைப் படிக்காது. அதில் இருப்பதை அந்தப் போனிலேயே திரும்பப் போட்டுத்தான் எடுக்க முடியும், போனை ரீசெட் செய்துவிட்டால் சாவியும் போய்விடும். சாதாரணமாகப் பயன்படுத்திய கார்டு என்றால் முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். கார்டோடு இலவசமாக வருகிற அடாப்டர்களின் உள்பக்கக் கம்பிகள் சீக்கிரம் தளர்ந்துவிடும், குறையெல்லாம் அதன் மேல் இருக்கும், பழி கார்டு மேல் விழும்.

சரி, இப்போது கார்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பின்பக்கம் தங்க நிறத்தில் ஒன்பது பட்டைகள் இருக்கும் (வேகமான யுஎச்எஸ்-2 கார்டுகளில் கீழே இன்னொரு வரிசையும் இருக்கும், பழைய கேமரா மேல் வரிசையை மட்டும் பயன்படுத்திக்கொள்ளும்). பட்டைகளின் மேல் மங்கலான படலமோ பச்சை பூத்த புள்ளியோ தெரிகிறதா? கடற்கரை ஊர்களில் இது சகஜம், உப்புக் காற்றும் விரல் வியர்வையும் சேர்ந்து செய்யும் வேலை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சுக்குச்சியில் லேசாக நனைத்து, பட்டையின் நீளவாக்கில் துடைத்து, சில நிமிடம் உலரவிடுங்கள். அதற்கும் போகாத படலத்தை மட்டும் மென்மையான வெள்ளை ரப்பரால் இரண்டு தேய்ப்பு. அழுத்தித் தேய்த்தால் அந்த மெல்லிய தங்கப் பூச்சே போய்விடும். உப்புத்தாள் கூடவே கூடாது. நெயில் பாலிஷ் ரிமூவரும் வேண்டாம், அதில் அசிட்டோன் இருந்தால் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

பட்டைகளுக்கு நடுவே மயிரிழைபோல மெல்லிய பிளாஸ்டிக் தடுப்புகள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் ஏதாவது முறிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். முறிந்த துண்டு கேமராவின் ஸ்லாட்டுக்குள் கிடந்தால் நல்ல கார்டையும் அது உள்ளே முழுதாக இறங்கவிடாது. ஸ்லாட்டில் ஊசியோ குண்டூசியோ விட வேண்டாம், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கம்பிகள் வளைந்தால் சர்வீஸ் சென்டர்தான். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் புளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் போகும். கேமரா அணைந்திருக்கும்போது ஒரு நல்ல கார்டை ஐந்தாறு முறை போட்டு எடுத்தாலே உள்ளே இருக்கும் கம்பிகளின் அழுக்கு ஓரளவு உரசிப் போய்விடும். கார்டின் மேல் தேதி எழுதி ஸ்டிக்கர் ஒட்டும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், அதன் ஓரம் பிரிந்து உள்ளே சிக்கிக்கொள்ளும்.

லாக் சுவிட்சைப் பற்றி ஒன்று. அது கார்டுக்குள் எதையும் பூட்டுவதில்லை, வெறும் பிளாஸ்டிக் துண்டு. ஓரத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, சுவிட்ச் அதை மூடியிருந்தால் எழுதலாம், திறந்திருந்தால் எழுதக் கூடாது என்று கேமரா எடுத்துக்கொள்கிறது. சுவிட்ச் உடைந்து விழுந்துவிட்டால் கார்டு எப்போதும் லாக் ஆனதாகவே காட்டும், அந்தப் பள்ளத்தின் மேல் மெல்லிய செலோடேப்பைச் சிறு துண்டாக ஒட்டினால் ஓடும். அவசரத்துக்கு மட்டும்தான் அது, டேப் உள்ளே கழன்றால் இன்னொரு தலைவலி.

இதெல்லாம் பார்த்தாயிற்று, கார்டுதான் பிரச்சினை என்று தெரிந்துவிட்டது. ரீடரில் போட்டதும் விண்டோஸ், இந்த டிரைவைப் பயன்படுத்துமுன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யவா என்று கேட்கும். கேன்சல் கொடுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து கார்டின் கொள்ளளவு சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். 32 ஜிபி கார்டு 29 ஜிபி சொச்சம் என்றும், கோப்பு முறை ரா (அதாவது, விண்டோஸுக்கு அடையாளம் தெரியவில்லை) என்றும் காட்டினால் அது நல்ல செய்தி. கார்டு உயிரோடு இருக்கிறது, அட்டவணைதான் கெட்டிருக்கிறது. படம் எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி தீர்ந்ததாலோ, சிவப்பு விளக்கு மினுக்கும்போதே கார்டை உருவியதாலோ பெரும்பாலும் இப்படி ஆகும்.

விண்டோஸின் பிழை திருத்தும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டச் சொல்லிப் பலர் ஆலோசனை சொல்வார்கள். படம் வேண்டும் என்றால் அதை முதலில் ஓட்டாதீர்கள், அது அட்டவணையை ஒழுங்குபடுத்தும் வேலையில் உங்கள் படங்களைப் பெயரில்லாத சிஎச்கே கோப்புகளாக்கி ஒரு ஃபோல்டரில் கொட்டிவிடும், சிலவற்றை வெட்டியும் விடும். முதலில் கார்டை முழுதாக ஒரு இமேஜ் கோப்பாகக் கணினியில் பிரதி எடுங்கள். விண்டோஸில் வின்32 டிஸ்க் இமேஜர், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ. முதலாவதில் ரீட் பட்டனை அழுத்த வேண்டும், ரைட்டை அழுத்தினால் கதை முடிந்தது. இனி எந்தச் சோதனை செய்தாலும் அந்தப் பிரதி மேல் செய்யலாம், அசல் கார்டு பத்திரமாக ஓரத்தில் இருக்கும்.

மீட்பதற்கு ஃபோட்டோரெக் போதும். இலவசம், கறுப்புத் திரையில் எழுத்தாக வந்து பயமுறுத்தும், ஆனால் பணம் கேட்கும் பல மென்பொருள்களைவிட ஒழுங்காக வேலை செய்யும். அது அட்டவணையைப் பார்ப்பதே இல்லை, ஜேபெக்கும் கேமராவின் ரா என்ற மூலப் படக் கோப்புகளும் எந்த எழுத்துகளில் தொடங்கும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு கார்டு முழுக்கத் தேடும். அதனால் பழைய கோப்புப் பெயர்கள் திரும்பாது, எண்களாகத்தான் வரும். எப்போதோ அழித்த படங்களும் சேர்ந்து வந்து நிற்கும், வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்துத் திரையில் திறக்காதீர்கள். மீட்டதைக் கணினியில்தான் சேமிக்க வேண்டும், அதே கார்டில் இல்லை. வந்த படங்களைச் சின்னத் தம்ப்நெயிலாகப் பார்த்துத் திருப்திப்படாமல் ஒவ்வொன்றாகப் பெரிதாகத் திறந்து பாருங்கள். தம்ப்நெயில் தனியாகக் கோப்புக்குள் இருப்பதால் அது முழுசாகத் தெரியும், திறந்தால் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறமாக இருக்கும். வீடியோக்கள் துண்டு துண்டாக எழுதப்பட்டிருந்தால் இந்த முறையில் ஓடாமல் போக வாய்ப்பு அதிகம்.

கணினியில் எல்லாப் படமும் தெரிகிறது, கேமராவில் மட்டும் சில தெரியவில்லை என்றால் அது வேறு விஷயம், கார்டில் கோளாறே இல்லை. படங்களுக்கென்று இருக்கும் டிசிஐஎம் ஃபோல்டருக்குள் தன் வழக்கப்படி பெயர் வைத்த கோப்புகளைத்தான் கேமரா காட்டும். கணினியில் பெயரை மாற்றினாலோ எடிட் செய்து திரும்பக் காப்பி செய்தாலோ அது கண்டுகொள்ளாது.

படங்கள் பத்திரமாக வந்துவிட்டன என்றால் இப்போது ஃபார்மேட் கொடுக்கலாம், முடிந்தவரை அந்தக் கேமராவிலேயே. கேமரா ஏற்க மறுத்தால் எஸ்டி அசோசியேஷன் இலவசமாகத் தரும் எஸ்டி மெமரி கார்டு ஃபார்மேட்டரைக் கணினியில் ஓட்டிவிட்டுப் பிறகு கேமராவில் போடுங்கள். விண்டோஸின் சொந்த ஃபார்மேட்டில் தெரியாமல் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறையைக் கொடுத்துவிட்டால் கேமரா அதைப் படிக்காது, மேக்கில் ஏபிஎஃப்எஸ் கொடுத்தாலும் அதே கதிதான்.

ஃபார்மேட் ஆனதும் நேராகக் கல்யாணத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன மென்பொருள் கார்டு முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். லினக்ஸ், மேக்கில் எஃப்3. வினாடிக்கு 20 எம்பி வேகத்தில் 64 ஜிபியை எழுதவே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும். போலிக் கார்டு இங்கேதான் மாட்டும். 8 ஜிபி சிப்பை வைத்து 64 ஜிபி என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள், முதல் 8 ஜிபி வரை அருமையாக ஓடும், அதற்கு மேல் எடுத்த படமெல்லாம் பெயராக மட்டும் இருக்கும், திறக்காது. சோதனையில் ஒரு பிழை காட்டினாலும் அந்தக் கார்டைப் படம் எடுக்கப் பயன்படுத்தாதீர்கள்.

அழித்த கோப்பு கார்டைக் கழற்றி மாட்டினதும் திரும்ப வந்து நிற்கிறதா? ஃபார்மேட் ஆனதாகச் சொல்லியும் பழைய படங்கள் அப்படியே இருக்கின்றனவா? அது பேய் இல்லை. உள்ளே கார்டை இயக்கும் கன்ட்ரோலர் இனி எழுத முடியாது என்று தீர்மானித்துக் கார்டைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டது. இருப்பதைக் காப்பி எடுத்துக்கொண்டு கார்டைக் கைவிட வேண்டியதுதான், எந்த மென்பொருளாலும் அதைத் திருப்ப முடியாது.

எந்த ரீடரில் போட்டாலும் அசைவே இல்லை, அல்லது 32 ஜிபி கார்டு சில எம்பி மட்டும் காட்டுகிறது என்றால் கன்ட்ரோலரே போய்விட்டது, வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. படம் அவ்வளவு முக்கியம் என்றால் டேட்டா ரெக்கவரி லேபுக்குத்தான் போக வேண்டும், செலவு கார்டின் விலையைப்போலப் பல மடங்கு ஆகும். மைக்ரோ எஸ்டியில் சிப்பும் கன்ட்ரோலரும் ஒரே கறுப்புத் தகட்டுக்குள் இருப்பதால், மேல்பூச்சைச் சுரண்டி, அடியில் தெரியும் புள்ளிகளில் முடிபோன்ற கம்பிகளைச் சால்டர் செய்து படிக்கிறார்கள். அதனால் கொடுப்பதற்கு முன் நீங்களே சூடுகாட்டுவது, வளைத்துப் பார்ப்பது, பிரிட்ஜில் வைப்பது எல்லாம் வேண்டாம். மீட்க முடியாவிட்டால் எவ்வளவு வாங்குவார்கள் என்பதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.