கூட்டம் இருந்தால் விமானம் வந்துவிடுமா?

"எங்க ஊர்க்காரங்க இத்தனை பேர் வெளிநாட்டில் இருக்காங்க, நேரடி விமானம் விட்டால் நிரம்பி வழியாதா?" புது சர்வதேச வழித்தடம் பற்றி யார் பேச்செடுத்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். தலையை மட்டும் எண்ணுவதுதான் இதில் முதல் தவறு. எத்தனை பேர் என்பதோடு, டிக்கெட்டுக்கு எவ்வளவு கொடுப்பார்கள், அதில் செலவு கட்டுமா என்றும் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-ல் நியூயார்க் பக்கத்து நியூவார்க்குக்கு இடைநில்லா விமானம் விட்டது. 2008-ல் அந்த விமானத்தை முழுக்க பிசினஸ் கிளாஸாக்கி 100 சீட் மட்டும் வைத்தது. காசுள்ள பயணிகள் இருந்தும் 2013-ல் சேவையை நிறுத்த வேண்டியதாயிற்று. நான்கு எஞ்சின் ஏ340 குடித்த எரிபொருள் அப்படி! 2018-ல் இரண்டு எஞ்சின் ஏ350 வந்ததும் அதே பாதை மறுபடி திறந்தது. அதிலும் 161 சீட்தான், சாதா எகானமி கிடையாது.

அடுத்தது, ஒரு பக்கக் கூட்டத்தைப் பார்த்து மயங்குவது. வளைகுடாவில் பள்ளி விடுமுறை விட்டதும் ஊருக்கு வரும் விமானங்கள் நிரம்பும். திரும்பும்போது சீட் காலியாகக் கிடந்தாலும் எரிபொருள் செலவு செலவுதான்.

நேர்மாறான தவறும் உண்டு. சென்னையிலிருந்து பிராங்க்பர்ட் போகிற எல்லோருக்கும் பிராங்க்பர்ட்டிலா வேலை? அங்கே மாறி அமெரிக்காவுக்கோ வேறு ஐரோப்பிய ஊருக்கோ போகிறவர்களைக் கணக்கில் விட்டால் அந்த விமானம் ஏன் ஓடுகிறது என்றே புரியாது.

சரி, பயணி இருக்கிறார், காசும் இருக்கிறது. அனுமதி? வெளிநாட்டு விமானம் எந்த ஊரில் இறங்கலாம் என்பது இரு நாட்டு ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஆசியான் (தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பு) நாட்டு விமான நிறுவனங்களுக்கு இந்தியா திறந்துவிட்ட 18 ஊர்களில் திருச்சி இருந்ததால் ஸ்கூட்டும் ஏர்ஏசியாவும் அங்கே வந்தன. மதுரைக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. அமீரக ஒப்பந்தத்திலும் இல்லாததால், மதுரை–துபாய் சேவைக்கு ஸ்பைஸ்ஜெட் போன்ற இந்திய நிறுவனங்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது. மதுரைக்காரர்கள் கோபப்படுவதில் நியாயம் உண்டு.

கடைசியாக, ஓடுபாதை போட்டால் விமானம் தானாக வரும் என்ற நம்பிக்கை. இலங்கையின் மத்தள விமான நிலையம் 2013-ல் ஆண்டுக்கு 10 லட்சம் பயணிகளை எதிர்பார்த்துத் திறக்கப்பட்டது. 2015-ல் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸே விலகிக்கொண்டது. அப்புறம் அந்த விமான நிலையத்தின் சரக்குக் கிடங்கில் நெல்லைச் சேமித்து வைத்தார்கள்.