நெல்லையில் மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பேரணி: எவரும் பின்தங்காமல் நடத்துவது எப்படி?

மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பேரணிக்கான முதல் ஆலோசனைக் கூட்டத்திலேயே, சக்கர நாற்காலியில் வருபவர், பார்வையற்றவர், காது கேளாதவர், அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையின் பெற்றோர் ஆகியோரில் தலா ஒருவராவது முடிவெடுக்கும் பொறுப்போடு அமர்ந்திருக்க வேண்டும். இவர்களிடம் பிறகு கருத்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால், பாதையும் நேரமும் மேடையும் முடிவான பின்னரே குறைகள் தெரியவரும். அப்போது மாற்றுவதற்கு நாளும் இருக்காது, பணமும் இருக்காது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கப்பட்டவை. ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் 1981 முதல் இயங்கிவருகிறது. அனுபவமுள்ளவர்கள் கிடைக்கவில்லை என்று திருநெல்வேலிச் சீமையில் எந்த அமைப்பாளரும் சொல்லிவிட முடியாது.

அடுத்தது பாதை. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் கூடி, கொக்கிரகுளத்தில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வரை செல்வது பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. ஆனால் ஊன்றுகோலில் நடப்பவருக்கும், கையால் சக்கரத்தைத் தள்ளி வருபவருக்கும் அது மிக நீளமான வழி. வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஓரிடத்தில் கூடி, மொத்தத் தூரம் ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கும்படி தொடக்க இடத்தைக் குறித்துக்கொள்வது நல்லது. பிறகு, பேரணி நடக்கவிருக்கும் அதே கிழமையில், அதே நேரத்தில், சக்கர நாற்காலியில் ஒருவரும் வெள்ளைக் கோலுடன் ஒருவரும் அந்தப் பாதையை முழுவதுமாகக் கடந்து பார்க்க வேண்டும். வேகத்தடைகள், சாக்கடை மூடிகளுக்கு இடையிலான இடைவெளி, நடைபாதையை அடைத்து நிற்கும் இருசக்கர வாகனங்கள் ஆகியவை வரைபடத்தில் தெரியாது. படியோ திட்டோ குறுக்கிடும் இடத்தில் சாய்தளம் வேண்டும். ஒரு பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம் என்பது விதி. 15 சென்டிமீட்டர் உயரமுள்ள திட்டுக்கு 180 சென்டிமீட்டர் நீளப் பலகை தேவைப்படும். தச்சரிடம் அளவைச் சொல்லும்போது, அகலம் 120 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்றும், மேற்பரப்பில் ரப்பர் விரிப்பை அசையாமல் அறைய வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். குட்டையான பலகையைச் செங்குத்தாகச் சாய்த்து வைத்தால் நாற்காலி பின்னோக்கிக் கவிழும்.

மாநகர எல்லைக்குள் நடத்துவதானால் மாநகரக் காவல் ஆணையரிடமும், அம்பாசமுத்திரம், நாங்குநேரி போன்ற ஊர்களில் என்றால் அந்த உட்கோட்டத் துணைக் காவல் கண்காணிப்பாளரிடமும் அனுமதி கேட்க வேண்டும். குறைந்தது இரண்டு வாரம் முன்பாவது மனுவைக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். இந்த மனுவில் பலர் விட்டுவிடும் ஒரு செய்தி உண்டு. இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்களும் மூன்று சக்கர சைக்கிள்களும் பேரணிக்குள்ளேயே வரும் என்பதை, தோராய எண்ணிக்கையுடன் எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால், ஊர்வலத்தில் வாகனத்துக்கு அனுமதியில்லை என்று சொல்லி அவற்றில் வருபவர்களை வாயிலிலேயே நிறுத்திவிட வாய்ப்புண்டு. அந்த ஸ்கூட்டரை விட்டால் அவர்களுக்குக் கால் வேறில்லை.

நாள் குறிக்கும்போது வெயிலையும் மழையையும் சேர்த்தே எண்ண வேண்டும். சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகிறது. 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகி ஊருக்குள் வந்ததை நாம் மறந்துவிடவில்லை. மின்சக்கர நாற்காலியின் மின்கலமும் காதுக் கருவியும் நனைந்தால் பழுதாகிவிடும் என்பதால், மழை வந்தால் ஒதுங்கக்கூடிய, படியில்லாத மண்டபம் ஒன்றைப் பாதையோரத்தில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வெயில் காலம் என்றால் காலை பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். மேல் தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கு உடல் சரியாக வியர்க்காது. சூடு ஏறுவது வெளியே தெரியாமலே மயக்கம் வரும். தொழுநோயால் பாதத்தில் உணர்விழந்தவருக்குத் தார்ச்சாலை சுடுவது தெரியாது. வீட்டுக்குப் போன பிறகுதான் கொப்புளத்தைப் பார்ப்பார். நிழற்பந்தலும் தண்ணீரும் பாதையின் நடுவிலும் இருக்க வேண்டும். திங்கட்கிழமை குறைதீர் கூட்ட நாள் என்பதால் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் நெரிசல் இருக்கும். வேறு கிழமையே வசதி.

பேரணியின் வேகத்தை மிக மெதுவாகச் செல்பவர் தீர்மானிக்கட்டும். அவரை முதல் வரிசையில் விட்டால் மற்றவர்கள் தாமாகவே அந்த வேகத்துக்கு வந்துவிடுவார்கள். உயரம் குறைந்தவர்களைக் கூட்டத்தின் நடுவில் விடாமல் முன்வரிசையிலோ ஓரத்திலோ நிறுத்துங்கள். ஸ்கூட்டர்கள் புகை விடும் என்பதால் கடைசி வரிசையே அவற்றுக்குப் பொருத்தம்.

தொண்டர்களுக்கு அரை நாள் பயிற்சி அவசியம். பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காமல், தம் முழங்கைக்கு மேற்பகுதியை அவர் பற்றிக்கொள்ளும்படி கொடுத்து அரை அடி முன்னால் நடக்க வேண்டும். நாற்காலியைக் கேட்காமல் தள்ளக் கூடாது. செங்குத்தான சரிவில் நாற்காலியைத் திருப்பிப் பின்புறமாக இறக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றிருக்கிறது. ஹீமோபிலியா, தலசீமியா போன்ற இரத்தக் குறைபாடுகள் பார்த்தவுடன் தெரிபவை அல்ல. உட்கார இடம் கேட்பவரிடம் அடையாள அட்டை கேட்பது அவமதிப்பு.

செய்தி போய்ச் சேரும் விதத்தில்தான் நம் பேரணிகள் அதிகம் சறுக்குகின்றன. அச்சகத்தில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த துண்டறிக்கையை, பார்வையற்றோருக்கு எழுத்தை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள் பொருளற்ற எழுத்துகளாக உளறும். அதைப் படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதுவும் கேட்காது. ஆகவே அதே அறிக்கையை ஒருங்குறியில் (யூனிகோடு) தட்டச்சு செய்து சாதாரணச் செய்தியாகவும், குரல் பதிவாகவும் அனுப்புங்கள். காது கேளாதோருக்காகச் சைகைமொழி பெயர்ப்பாளர் இருவர் வேண்டும்; ஒருவரே தொடர்ந்து செய்தால் கை ஓய்ந்து பிழைகள் நேரும் என்பதால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டும். சூரியன் அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகமும் விரலும் நிழலாகத்தான் தெரியும். மேடை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை முதல் நாளே அதே நேரத்தில் நின்று சரிபாருங்கள். முழக்கம் மாறும்போது காது கேளாதவருக்கு அது தெரிவதில்லை. ஒவ்வொரு முழக்கத்தையும் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி முன்னால் உயர்த்திப் பிடிக்க வேண்டும். பதாகையில் உள்ளதை ஒலிபெருக்கியில் வாசித்தால் பார்வையற்றவரும் அறிவார்.

வெடியும் பறைமேளமும் பேரணிக்குக் களை கட்டும் என்பது உண்மையே. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு அந்த ஓசை தாங்க முடியாத துன்பம். வெடியை முழுவதுமாக விட்டுவிட்டு, மேளத்தை ஒரு முனையில் வைத்து, சத்தமில்லாத பந்தல் ஒன்றை மறுமுனையில் அமையுங்கள்.

கழிப்பறை வசதி உறுதியில்லை என்றால் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். சக்கர நாற்காலி உள்ளே திரும்புமளவுக்கு இடமும் கைப்பிடியும் உள்ள நடமாடும் கழிப்பறையைத் தொடக்கத்திலும் முடிவிலும் நிறுத்துங்கள். சிறுநீரை வெளியேற்றக் குழாய் (கத்தீட்டர்) பயன்படுத்துவோருக்குத் திரையிட்ட சிறு இடமும் வேண்டும். இராதாபுரம், களக்காடு, பாபநாசம் பக்கமிருந்து வருபவர்களுக்குப் பேருந்துப் படிதான் பெரிய தடை. வட்டத்துக்கு ஒரு வேனாவது அமர்த்தி, அதில் பலகைச் சாய்தளம் ஒன்றைப் போட்டு அனுப்புங்கள்.

கோரிக்கை மனுவில் நான்கைந்து கோரிக்கைகள் போதும், ஆனால் ஒவ்வொன்றும் இடம் சுட்டியதாக இருக்க வேண்டும். பொதுக் கட்டடங்கள் அனைத்தும் விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் அணுகத்தக்கவையாக மாற வேண்டும் என்று சட்டத்தின் 45-ஆவது பிரிவு கூறுகிறது. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின, கெடு 2022-இல் முடிந்துவிட்டது. எனவே உங்கள் வட்டத்தில் எந்த அலுவலகத்தில் எத்தனை படிகள், எங்கே கைப்பிடி இல்லை என்று அளந்து, படத்துடன் இணைத்துக் கேளுங்கள். மனுவை வாங்க அதிகாரி தரைத்தளத்துக்கு வருவாரா என்பதை முன்கூட்டியே எழுத்தில் உறுதிசெய்து, கொடுத்தவுடன் பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

மனு கொடுத்ததும் தொண்டர்கள் கலைந்துவிடக் கூடாது. தொலைவிலிருந்து வந்தவர்கள் வேனுக்காகக் காத்திருப்பார்கள். கடைசி வேன் புறப்படும் வரை பந்தலையும் கழிப்பறையையும் கழற்றக் கூடாது என்பதை, ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.