பொலிஸ் முறைப்பாட்டை எழுதுவதும் பதிவு செய்வதும்: கொழும்பில் வசிக்கும் தமிழ் பேசுவோருக்கு

கொழும்பில் அடையாள அட்டை தொலைந்தாலும், முச்சக்கர வண்டி வந்து மோதினாலும், வீட்டுப் பூட்டு உடைக்கப்பட்டாலும், உடனே பொலிஸ் நிலையத்துக்குச் சென்று ஓர் என்ட்ரி போடவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் அந்த என்ட்ரியில் என்ன எழுதப்பட்டது என்பதைப் பார்த்துவிட்டு ஒப்பமிடுபவர்கள் குறைவு. காப்புறுதி நிறுவனமும் ஆட்பதிவுத் திணைக்களமும் நீதவான் நீதிமன்றமும் பின்னர் பார்க்கப்போவது அந்த எழுத்தைத்தான். நீங்கள் வாயால் சொன்னது அங்கே கணக்கில் வராது. எனவே, உயிராபத்து இல்லாத எந்த விடயமானாலும், நிலையத்துக்குப் போகுமுன் முறைப்பாட்டை வீட்டிலேயே தமிழில் எழுதி, இரண்டு பிரதிகளாக எடுத்துச் செல்வது நல்லது. ஆபத்து நடந்துகொண்டிருக்கும்போது எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 119 ஐ அழையுங்கள்.

தமிழில் எழுதிக் கொடுப்பது யாரும் உங்களுக்குச் செய்யும் சலுகை அல்ல. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவின்படி, குற்றம் பற்றிய தகவலை வாய்மொழியாகவும் கொடுக்கலாம், எழுத்திலும் கொடுக்கலாம். வாய்மொழியாகக் கொடுத்தால், கொடுக்கப்பட்ட மொழியிலேயே உத்தியோகத்தர் அதை எழுதி, உங்களுக்கு வாசித்துக் காட்டவேண்டும். அந்த மொழியில் எழுத அவரால் இயலாவிட்டால், எழுத்தில் தருமாறு உங்களிடம் கேட்கவேண்டும்; உங்களாலும் எழுத முடியாதபோதுதான், காரணத்தைப் பதிந்துவிட்டு வேறொரு தேசிய மொழியில் எழுதி, உங்களுக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்லலாம். சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச உத்தியோகத்தரோடு தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை தருகிறது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற இடங்களில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இருக்கக்கூடும். நீங்கள் போகும் நேரத்தில் அவர் கடமையில் இருப்பாரா என்பது வேறு விடயம். கையில் தமிழ்க் கடிதம் இருந்தால் அந்தக் கவலை பாதியாகக் குறையும்.

கடிதத்தைப் பொறுப்பதிகாரிக்கு முகவரியிடுங்கள். முழுப் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம் ஆகியவை முதலில் வரட்டும். பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுவதோடு, அட்டையையும் உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டுச் சிங்களத்தில் எழுதும்போது எழுத்து மாறுவது சாதாரணம். அந்த ஓர் எழுத்துக்காகக் கடவுச்சீட்டு விண்ணப்பமோ காப்புறுதிக் கோரிக்கையோ திரும்பி வரும்.

அடுத்து நடந்ததைக் கால ஒழுங்கில் எழுதவேண்டும். பெரும்பாலானோர் எழுதுவது இப்படி இருக்கும்: “நேற்றுப் பின்னேரம் பஸ்ஸில் வரும்போது யாரோ எனது போனைத் திருடிவிட்டார்கள். தயவுசெய்து கண்டுபிடித்துத் தரவும்.” இதை வைத்து எந்த உத்தியோகத்தராலும் எதுவும் செய்ய முடியாது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: “2025.03.14 ஆம் திகதி மாலை 5.40 மணியளவில் கோட்டையில் 100 ஆம் இலக்கப் பாணந்துறை பஸ்ஸில் ஏறினேன். கொள்ளுப்பிட்டியில் நடத்துநருக்குப் பணம் கொடுத்தபோது கைத்தொலைபேசி எனது காற்சட்டையின் வலப்பக்கப் பையில் இருந்தது. வெள்ளவத்தையில் இறங்கியதும் பார்த்தேன், இருக்கவில்லை. யாரும் அதை எடுத்ததை நான் காணவில்லை.”

கடைசி வாக்கியத்தை எழுதப் பலர் தயங்குவார்கள், முறைப்பாடு பலவீனமாகிவிடும் என்று நினைத்து. உண்மையில் அதுதான் உங்களைக் காப்பாற்றுகிறது. கண்டதையும், பிறர் சொல்லக் கேட்டதையும், நீங்களாக ஊகித்ததையும் தனித்தனியே எழுதுங்கள். பக்கத்து வீட்டார் மீது சந்தேகம் இருந்தால், “சந்தேகிக்கிறேன், காரணம் இது” என்று எழுதலாம், “அவர்தான் எடுத்தார்” என்று எழுதக்கூடாது. பொலிஸாரிடம் கொடுத்த வாக்குமூலத்துக்கு மாறாக நீதிமன்றத்தில் ஒரு சொல் சொன்னாலும், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த முரண்பாட்டைத்தான் பிடித்துக்கொள்வார். பிறருக்குத் தீங்கு செய்யும் எண்ணத்தோடு பொய்யென்று அறிந்த தகவலைக் கொடுப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 180 ஆம் பிரிவின் கீழ் தனியான குற்றமுமாகும். கோபத்தில் ஆளை இழுத்துவிட எழுதும் முறைப்பாடுகளில், கல்லெறிந்தவர் தலையிலேயே கல் விழுவது அரிதல்ல.

பொருள்களின் விபரம் தனித்தனி வரியாக வரவேண்டும். கைத்தொலைபேசியானால் வகை, நிறம், சிம் இலக்கம் ஆகியவற்றோடு ஒவ்வொரு கைத்தொலைபேசிக்கும் தனியாக உள்ள 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. அடையாள எண்ணும் தேவை, அது பெட்டியிலும் பெரும்பாலும் பற்றுச்சீட்டிலும் இருக்கும். (தொலையுமுன்னரே *#06# ஐ அழுத்திப் பார்த்து எங்காவது குறித்து வைப்பவர்கள் பாக்கியசாலிகள்.) நகையானால் எத்தனை பவுண், என்ன வேலைப்பாடு, எப்போது வாங்கியது, வாகனமானால் இலக்கத் தகட்டின் எழுத்துகள் உட்பட முழு இலக்கம். பெறுமதியை ஏற்றிச் சொல்லவேண்டாம்; பற்றுச்சீட்டு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சம்பவம் நடந்த இடம் எந்த நிலையத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கே செல்வதுதான் வழக்கம். காலி வீதியில் சில நிமிட நடைக்குள் பம்பலப்பிட்டி முடிந்து வெள்ளவத்தை தொடங்கிவிடுவதால், கடையின் பெயரையோ குறுக்கு வீதியின் பெயரையோ குறித்துக்கொண்டு போங்கள். நிலையத்தினுள் போக்குவரத்து, குற்றம், சிறு முறைப்பாடுகள், சிறுவர் மற்றும் பெண்கள் எனப் பிரிவுகள் தனித்தனியாக இருக்கும். வாசலிலேயே விடயத்தைச் சொன்னால் உரிய மேசைக்கு அனுப்புவார்கள்.

கடிதத்தைக் கொடுக்கும்போது, மற்றப் பிரதியில் திகதியும் முத்திரையும் இட்டுத் தருமாறு கேளுங்கள். அத்தோடு விட்டுவிடாமல், தகவல் புத்தகத்தில் பதிவு ஏறியதா என்றும் பாருங்கள். பதிவு சிங்களத்தில் இருந்தால் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். திகதி, நேரம், இடம், இலக்கங்கள் ஆகிய நான்கையும் உங்கள் கடிதத்தோடு ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் ஒப்பமிடுமுன் திருத்தச் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. விளக்கப்பட்ட பின், ஒப்பத்துக்கு மேலே “சிங்களத்தில் எழுதப்பட்ட இவ்வாக்குமூலம் எனக்குத் தமிழில் விளக்கப்பட்டது” என்று தமிழில் ஒரு வரி எழுதலாம். விளக்கப்படாவிட்டால் அந்த வரியை எழுதவும் வேண்டாம், ஒப்பமிடவும் வேண்டாம். புறப்படுமுன் புத்தகத்தின் பெயர், பக்கம், பந்தி இலக்கங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சி.ஐ.பி. என்றால் குற்றப் புத்தகம், எம்.ஓ.ஐ.பி. என்றால் சிறு குற்றப் புத்தகம். இந்தக் குறிப்பு கையில் இல்லாவிட்டால், மறுநாள் வேறோர் உத்தியோகத்தரிடம் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டி வரும்.

உடலில் காயம் இருந்தால் எழுத்து வேலையெல்லாம் பிறகு, முதலில் வைத்தியசாலை. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் பொலிஸ் காவலரண் இருப்பதால் அங்கேயே முறைப்பாட்டைத் தொடங்கலாம். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கான படிவத்தைப் பொலிஸார் வழங்குவர். சிராய்ப்புதானே என்று அதைத் தவிர்க்கவேண்டாம், சில நாள்களில் தழும்பும் இருக்காது, சாட்சியும் இருக்காது. வீட்டு வன்முறையானால் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தையும் அழைக்கலாம். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளையும் கோரலாம்.

முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் அங்கே வாக்குவாதப்பட்டுப் பயனில்லை. யார், எத்தனை மணிக்கு, என்ன சொல்லி மறுத்தார் என்று குறித்துக்கொண்டு, அதே கடிதத்தைப் பொறுப்பதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பித் தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவும், 1996 என்ற தொலைபேசி இலக்கத்தில் மனித உரிமைகள் ஆணைக்குழுவும் உள்ளன. தமிழில் ஏற்க மறுத்ததுதான் பிரச்சினையென்றால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

தொலைந்த அடையாள அட்டைக்குப் பதில் அட்டை எடுப்பவர்கள், முறைப்பாட்டின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதியைப் பெற்று, கிராம உத்தியோகத்தர் ஊடாக விண்ணப்பிக்கவேண்டும். வெளிநாடு செல்வோர் கேட்கும் பொலிஸ் நற்சான்றிதழ் இதுவல்ல. அதற்குப் பொலிஸ் தலைமையகத்தில் வேறாக விண்ணப்பிக்கவேண்டும், முறைப்பாட்டு மேசையில் வரிசையில் நின்று கேட்டால் கிடைக்காது.