மாடி வீட்டுக் கஞ்சா வாடையும் நடுராத்திரிச் சண்டையும்

மாடி போர்ஷனில் ஒரு அம்மாவும் இருபது சொச்சம் வயது மகனும் குடியிருந்தார்கள். அவனைத் தேடி நண்பர்கள் வருவார்கள். நள்ளிரவில் பாட்டு, அடிதடி, படிக்கட்டு முழுக்கக் கஞ்சா வாடை. பகலில் எதிரே வந்தால் "அண்ணே" என்று மரியாதையாகத்தான் பேசுவான். போதையில் இருக்கும்போது நியாயம் கேட்கப் போகக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

சத்தம் எல்லை மீறிய இரவில் 100-க்கு அழைத்தேன். ரோந்து வண்டி வந்ததும் அடங்கினார்கள், அன்றைக்கு மட்டும். பைக்கில் ஒருவன் பொட்டலம் கொண்டுவந்து கொடுப்பது தெரிந்ததும் 1933-க்குச் சொன்னேன். போதைப்பொருள் நடமாட்டம் பற்றித் தகவல் சொல்ல மத்திய அரசு 2024-இல் தொடங்கிய இலவச எண் அது. நம் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. கீழ்வீட்டிலேயே குடியிருப்பவனுக்கு அது எவ்வளவு நிம்மதி!

ஆனால் பலன் தந்தது அந்த அம்மாவிடம் பேசியதுதான். புகாராக ஆரம்பிக்காமல், "அக்கா, தம்பி ரொம்ப இளைச்சுட்டானே" என்றேன். அழுதுவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் பிடித்துவிடும் என்று பயம். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவை விளக்கினேன்: பயன்படுத்தியதற்காக வழக்கு வந்தாலும், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சை எடுப்பவருக்கு அந்த வழக்கிலிருந்து விலக்கு உண்டு. (வியாபாரிகளுக்கு இது பொருந்தாது, சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.) அப்புறம் அந்த அம்மா போதை மீட்பு உதவி எண்ணான 14446-இல் விசாரித்து, மகனை அரசு மருத்துவமனையின் போதை மீட்புப் பிரிவுக்கு அழைத்துப் போனார்.

இப்போதும் சில இரவுகளில் பாட்டு கேட்கும். கதவைத் தட்டினால் குறைத்துவிடுகிறான்.