த்ரில்லர் மறுபதிப்பு: வாங்குவதற்கு முன்பும் முள்ளை இறக்குவதற்கு முன்பும்

மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பம் 1982 நவம்பர் 30 அன்று வெளியானது. ஒலித்தரத்தில் கறாரான ஆடியோஃபைல் ரசிகர்களுக்காக வரும் அதன் விலை உயர்ந்த இசைத்தட்டு மறுபதிப்பை, முக்கியமாக மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் 2022ல் 40,000 பிரதிகள் என்று அறிவித்த 'ஒன்-ஸ்டெப்' பதிப்பை, வாங்கலாமா என்று யோசிக்கிறீர்களா? முதலில் அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வழக்கமாக அரக்குத் தட்டில் பாட்டை வெட்டி, அதிலிருந்து ஒரு உலோக நகல், அந்த நகலிலிருந்து இன்னொன்று, அதிலிருந்துதான் தட்டை அழுத்தும் அச்சு என்று மூன்று படி போகும். ஒன்-ஸ்டெப்பில் அடுத்த இரண்டு படிகளையும் விட்டுவிட்டு முதல் உலோக நகலையே அச்சாக வைத்து அழுத்துகிறார்கள். நுணுக்கமான ஒலிகள் குறைவாகத் தேயும், உண்மைதான். ஆனால் அந்த அச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும், அப்புறம் புதிதாக ஒரு அரக்குத் தட்டை வெட்ட வேண்டும். 40,000 பிரதிக்கு எத்தனை முறை வெட்ட வேண்டும், அத்தனை முறையும் ஆல்பத்தின் மூலப் பதிவான அந்தப் பழைய மாஸ்டர் டேப்பையா ஓட்டுவார்கள் என்று சிலர் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2022 ஜூலையில் பதில் வந்தது: டேப்பை டிஎஸ்டி என்ற டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றி, அதிலிருந்துதான் வெட்டுகிறார்கள், அதுவும் த்ரில்லருக்கு மட்டுமல்ல, பல வருடங்களாக நிறைய தட்டுகளுக்கு. விஷயம் அமெரிக்காவில் வழக்கு வரை போனது.

என்னைக் கேட்டால் டிஜிட்டல் படி ஒன்று நடுவில் இருப்பதால் மட்டும் தட்டு கெட்டுவிடாது. வாங்குகிறவரிடம் சொல்லாமல் விட்டதுதான் தப்பு. அதனால் எந்த மறுபதிப்பாக இருந்தாலும் இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகு பணத்தைக் கொடுங்கள்: எதிலிருந்து வெட்டினார்கள், யார் வெட்டினார்கள். 'ஒரிஜினல் மாஸ்டர்' என்ற வார்த்தை ஸ்டிக்கரில் இருந்தால் மட்டும் போதாது. 180 கிராம் எடையும் அப்படித்தான், தட்டு கனமாக இருப்பது நல்ல ஒலிக்கு உத்தரவாதம் இல்லை.

சரி, தட்டு வீட்டுக்கு வந்துவிட்டது. உடனே போடாதீர்கள். புதுத் தட்டில் தூசு இருக்காது என்று நம்பி நான் ஒரு தட்டை உறையிலிருந்து எடுத்த கையோடு ஓட்டினேன், முதல் பக்கம் முழுக்கப் படபடவென்று சத்தம். டிஸ்டில்ட் வாட்டரில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் தடத்தின் வட்டத்தோடே துடையுங்கள், நடு லேபிளில் ஈரம் படக்கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு போடலாம்.

டர்ன்டேபிள் சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அடுத்தது முள் தட்டின்மேல் அழுத்தும் எடை, இதைக் கண்ணளவில் வைக்கவே கூடாது. முள்ளைத் தாங்கும் பாகமான கார்ட்ரிட்ஜ்களில் பெரும்பாலானவற்றுக்கு 1.5 முதல் 2 கிராமுக்குள் வரும், உங்களுடையதற்கு எவ்வளவு என்று அதன் கையேட்டைப் பார்த்து, சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றில் அளந்து வையுங்கள். எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. எடை போதாத முள் தடத்துக்குள் துள்ளித் துள்ளித்தான் தட்டைக் கெடுக்கிறது. கார்ட்ரிட்ஜின் கோணத்தையும் கோடுகள் வரைந்த அலைன்மென்ட் அட்டையை வைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க இந்த ஆல்பமே போதும். தட்டு எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது, ஆனால் ஓரத்தில் முள்ளுக்குக் கீழே நொடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் தடம் ஓடும்போது, உள்ளே போகப் போக அது 20ஐ ஒட்டி வந்துவிடும், அதே ஒலி குறைந்த இடத்தில் நெருக்கியடித்து உட்கார வேண்டியிருக்கும். முதல் பக்கத்தின் கடைசியில், 'த்ரில்லர்' பாட்டின் முடிவில், நடிகர் வின்சென்ட் பிரைஸ் பேசிச் சிரிப்பது சரியாக அந்த இடத்தில்தான். அவருடைய 'ஸ்' ஒலிகள் எரிச்சலாகச் சீறினால் தட்டைக் குறை சொல்வதற்கு முன் கோணத்தையும் எடையையும் மறுபடி பாருங்கள். இரண்டாம் பக்கத்தின் முடிவில் வரும் 'தி லேடி இன் மை லைஃப்' மென்மையான பாட்டு, அதில் சின்னச் சிராய்ப்பு கூடத் தெரிந்துவிடும்.

இந்தத் தட்டில் பாஸ் ஒலி இவ்வளவு திடமாக வருவதற்கும் ஒரு கதை உண்டு. முதலில் வெட்டிப் பார்த்தபோது பக்கங்களில் நேரம் அதிகமாகி, தடம் மெலிந்து, ஒலி சோர்ந்து போயிருந்தது. தயாரிப்பாளர் குவின்ஸி ஜோன்ஸும் ஒலிப்பொறியாளர் புரூஸ் ஸ்வீடியனும் பாட்டுகளைச் சுருக்கி எல்லாவற்றையும் மறுபடி மிக்ஸ் செய்தார்கள். அப்படித்தான் ஒன்பது பாட்டும் 42 நிமிடச் சொச்சத்தில் அடங்கின.

பழைய பிரதி கையில் இருந்தால் 'பில்லி ஜீன்' பாட்டை இரண்டிலும் போட்டு ஒப்பிடுங்கள். ஆனால் இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்கும்படி வால்யூமைச் சரிசெய்த பிறகு கேளுங்கள், கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதையே காது நல்லது என்று எடுத்துக்கொள்ளும். பழையதே பிடித்திருந்தால் புதியதை இன்னும் வாங்காத நண்பரிடம் சொல்லிவிடுங்கள், அவருக்குக் காசு மிச்சம்.