கொயோட்டிக்கும் பிரெய்ரி நாய்க்கும் தோட்டா: தேர்வில் நேரும் தவறுகள்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பண்ணைப் பக்கம் குடியேறுபவர்கள் முதல் ரைஃபிள் வாங்கும்போது கடைக்காரரிடம் பெரும்பாலும் கேட்பது, “எது வேகமாகப் போகும்?” என்பதைத்தான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. எதைச் சுடப் போகிறோம், எவ்வளவு தூரத்தில், அந்த வெளியில் காற்று எப்படி அடிக்கும் என்பவைதான் முதலில் தெரிய வேண்டும். மேய்ச்சல் நிலத்தில் வளை தோண்டும் பிரெய்ரி நாய் பெயரில்தான் நாய், உண்மையில் அணில் வகைக் கொறிவிலங்கு; ஒரு கிலோ எடை இருக்கும். ஆட்டுக்குட்டியைத் தூக்கும் கொயோட்டி ஓநாய்க்கு உறவான காட்டு விலங்கு, பத்திலிருந்து இருபது கிலோ வரை வளரும்.

அடிக்கடி நடக்கும் தவறு, .17 ஹெச்எம்ஆர் என்ற சிறு தோட்டாவை நம்பிக் கொயோட்டிக்குப் போவது. 2002இல் வந்த இந்த ரிம்ஃபயர் (அடி விளிம்பில் அடித்து வெடிக்கும்) தோட்டா நூறு கஜத்துக்குள் மிகத் துல்லியமானது. அணிலுக்கும் பிரெய்ரி நாய்க்கும் அருமை. ஆனால் அதன் குண்டு (தோட்டாவிலிருந்து பறந்து போகும் பகுதி) 17 கிரெயின்தான், ஒரு கிராமுக்குச் சற்றே அதிகம். குழலை விட்டுக் கிளம்பும்போது 245 அடி-பவுண்டு இருக்கும் ஆற்றல் 200 கஜத்தில் 72 ஆகக் குறைந்துவிடுகிறது. மணிக்குப் பத்து மைல் குறுக்குக் காற்று போதும், அதே தூரத்தில் குண்டை ஏறக்குறைய ஒரு முழம் தள்ளிவிடும். நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் படும். அடிபட்ட கொயோட்டி புதருக்குள் ஓடிப்போய் மெல்ல மெல்லச் சாகும். அந்த வேதனைக்குச் சுட்டவர்தான் பொறுப்பு. கொயோட்டிக்கு .223 ரெமிங்டனுக்குக் கீழே இறங்காதீர்கள் என்று நான் உறுதியாகச் சொல்வேன். 55 கிரெயின் குண்டை வினாடிக்குச் சுமார் 3240 அடி வேகத்தில் அனுப்பும் தோட்டா அது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. 1935இல் வந்த .220 ஸ்விஃப்ட், 1965இல் ரெமிங்டன் நிறுவனம் கடையில் விற்கும் தோட்டாவாக்கிய .22-250 ஆகிய இரண்டின் குண்டுகளும் அதிகம் தாழாமல் தட்டையாகப் பறப்பவை, தொலைவில் நிற்கும் கொயோட்டிக்கு நல்ல துணை. ஆனால் பிரெய்ரி நாய்க் குடியிருப்பில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் சுடுவார்கள். அந்த வேலையை இவற்றுக்குக் கொடுத்தால் குழல் கொதிக்கும். குண்டு நுழையும் தொண்டைப் பகுதி சீக்கிரமே அரித்துப் போகும். .223க்கு வெடிமருந்து 25 கிரெயின் அளவில் போதும், .22-250 அதைவிடப் பத்து கிரெயினாவது கூடுதலாக எரிக்கும். நாள் முழுக்கச் சுடுவதற்கு .223 அல்லது 2004இல் வந்த .204 ரூகர் நல்லது. .204இல் உதைப்பு மிகக் குறைவு, குண்டு படும் இடத்தை ஸ்கோப்பிலேயே பார்த்துவிடலாம்.

தோட்டாவின் பெயரை மட்டும் பார்த்து, குழலின் முறுக்கைப் பார்க்காமல் வாங்குகிறவர்கள் நிறைய. குழலுக்குள் வெட்டிய வரிகள் ஒரு முழுச் சுற்று சுற்ற எத்தனை அங்குலம் எடுக்கின்றன என்பதே முறுக்கு. பழைய .22-250 ரைஃபிள்களில் அது 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதில் 50, 55 கிரெயின் குண்டுகள் நேராகப் போகும். 75 கிரெயின் நீளக் குண்டைப் போட்டால் தள்ளாடி, குறி அட்டையில் பக்கவாட்டில் துளை விழும். கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைந்தது, அதனால் அதே எடையில் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். அங்கே வேட்டையாடுபவர்கள் முறுக்கைக் கேட்காமல் வாங்கவே கூடாது.

குண்டின் உறையும் முக்கியம். பிரெய்ரி நாய்க்கென்று செய்த மெல்லிய உறைக் குண்டு பட்டதும் சிதறிவிடும். தரையில் பட்டாலும் பெரும்பாலும் உடைந்துபோவதால் தெறித்து ஓடும் ஆபத்து குறைவு. ஆனால் கொயோட்டியின் தோள் எலும்பில் பட்டால் மேலேயே வெடித்து, உள்ளே இறங்காமல் போகலாம். .22 ரிம்ஃபயரின் திண்ணிய ஈயக் குண்டு இதற்கு நேர்மாறு: காய்ந்த தரையில் பட்டுத் தவ்விப் போகும். அந்தப் பெட்டிகளில் ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சிட்டிருப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. பின்னால் மண்மேடு இல்லையென்றால் சுடாதீர்கள்.

.223 என்று குறித்த ரைஃபிளில் 5.56 ராணுவத் தோட்டாவைப் போடக் கூடாது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், உள்ளேயும் சுலபமாகப் போகும், ஆனால் அழுத்தம் அளவு மீறலாம்.

எந்தத் தோட்டாவுக்கு அனுமதி, இரவில் சுடலாமா என்பவை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். யூட்டா பிரெய்ரி நாய் கூட்டாட்சிச் சட்டப் பாதுகாப்பில் உள்ள இனம். கைவிட்ட வளைகளில் வளை ஆந்தைகள் குடியிருக்கும். மங்கிய வெளிச்சத்தில் வளை வாயில் நிமிர்ந்து நிற்கும் ஆந்தை அச்சு அசல் பிரெய்ரி நாய் மாதிரியே தெரியும். பைனாகுலரில் பார்த்து உறுதிசெய்த பிறகே ரைஃபிளைத் தொடுங்கள்.

ஒரே வகையில் ஆயிரம் தோட்டாவை மொத்தமாக வாங்கிவிடாதீர்கள். உங்கள் குழலின் முறுக்குக்கு ஒத்த எடையில் மூன்று வகைக் குண்டுகள், வகைக்கு ஒரு பெட்டி வாங்குங்கள். நூறு கஜத்தில் அட்டை வைத்து, ஐந்தைந்தாகச் சுட்டு, நடுவே குழலை ஆறவிடுங்கள். எந்த வகையின் துளைகள் மற்றவற்றைவிட நெருங்கி விழுகின்றனவோ, அதையே மொத்தமாக வாங்கி வையுங்கள்.